நூத்திப் பதினெட்டு

வீட்டுக்கும் கோழிச் சாளைக்கும்
இருநூற்றெழுபது அடி.
நடுவில் முப்பத்திரண்டு அடி
தம்பியுடையது.

பாகம் பிரித்த அன்று
அளவுக்காரர் சங்கிலி அப்படி விழுந்தது.
எனக்கு வீடும் கிழக்குக் காடும்,
அவனுக்குக் கிணற்றை ஒட்டிய பட்டையும்
இட்டேரி வரைக்கும் தெற்கும்.
அதற்கப்புறம் நாலு வருசம்
எதிரெதிரே டிராக்டர் வந்தால்
ஒன்று பின்னால் போகும்.
ஓட்டுகிறவர்கள் பேசிக்கொள்வதில்லை.

குஞ்சு இறக்கிய முதல் வாரம்
உள்ளே முப்பத்து மூன்று டிகிரி நிற்க வேண்டும்.
கம்பெனிக்காரன் ஒரு பெட்டி கொடுத்தான்,
சூடு ஏறினாலும் இறங்கினாலும் போனில் கத்துமாம்.
கத்துவதற்கு அதற்கு நெட் வேண்டும்.
தகரக் கூரை, தகரப் பக்கம்,
உள்ளே நுழைந்தால் போனில் ஒரு கோடு நிற்காது.
வீட்டு வைஃபையோ
பொடக்காளித் துவைகல்லைத் தாண்டாது.

'குழாய்க்குள்ள உட்டு
ஒண்ணரை அடி ஆழத்துல கேபிள் இழுத்தரலாங்ணா'
என்றான் பல்லடத்திலிருந்து வந்த ஜோதிபாசு.
மரகதம் என்னைப் பார்த்தாள்.
நான் எல்லைக் கல்லைப் பார்த்தேன்.
அவனுக்கு என்ன விளங்கியதோ,
'சரிங், அப்ப மேலயே உட்டுருவோம்.'

வெள்ளைப் பெட்டி இரண்டு,
எங்கள் சோற்று டப்பா அளவு.
ஒன்று மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல்,
ஒன்று சாளை முகட்டில்.
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம்.
நடுவில் எதுவும் மறைக்கக் கூடாதாம்.
அன்று ராத்திரி பத்திரத்தை எடுத்து மறுபடி படித்தேன்.
கிணறு, மோட்டார், தென்னை பதினொன்று, வண்டித்தடம்.
காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.
எழுதிய மனுசன் நன்றாயிருக்கட்டும்.

ஆடிக் காற்றைத் தாங்கியது.
புரட்டாசி மழைக்குத்தான்
அவன் முருங்கை எழுந்தது.
ஈர இலை ஒரு கொத்து
இரண்டு பெட்டிக்கும் நடுவே வந்து நின்றது.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போயிருக்கிறது,
போன் கத்தவில்லை.
விடிந்து பார்த்தால்
குளிருக்கு ஒண்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
மூலையில் அறுபத்து நாலு.

மரகதம்தான் வேலி வரைக்கும் போனாள்.
'பூ உட்டிருக்குதுங்கக்கா,
காயெடுத்துட்டு வெட்டிக்கலாங்'
என்றாளாம் தெய்வானை.
'பூவுட்ட மரத்துல எப்படி அருவா வெக்கிறது' என்று
மரகதம் என்னிடமே திருப்பிக் கேட்டாள்,
தானும் அந்தப் பட்டையில் பங்குதாரர் மாதிரி.
மறுநாள் எட்டடிக் குழாய் வாங்கி
பெட்டியைத் தூக்கிக் கட்டினேன்.
முருங்கைக்கு மேலே அவை மறுபடி
பார்த்துக்கொண்டன.

போன கிழமை யாழினி
யார் யார் நம் நெட்டில் இருக்கிறார்கள் என்று
திறந்து காட்டினாள்.
என் போன், அம்மா போன்,
சூட்டுப் பெட்டி, சாளைக் கேமரா,
கீழே, 'திருமூர்த்தி பால்'.

பாஸ்வேர்டு நான் யாருக்கும் சொல்லவில்லை.
செவலை, அதோடு நூத்திப் பதினெட்டு.
நூத்திப் பதினெட்டு, பிரிக்காத காட்டின் சர்வே நம்பர்.
செவலை, எங்கள் இரண்டு பேரையும்
ஒரே நாளில் முட்டிய மாடு.
என் தொடையில் ஒரு தழும்பு,
அவன் விலாவில் ஒன்று.
எத்தனை தடவை போட்டுப் பார்த்தானோ,
முதல் தடவையே விழுந்ததோ.
சாளையின் தென்மூலையிலிருந்து
அவன் பால் கறக்கிற கொட்டாய்க்கு
எட்டத்தான் எட்டும்.

'மாத்தீரலாமாப்பா?'
'இந்தக் குஞ்சு போகட்டும் சாமி.'
'பசங்க படம் பாத்தா ஸ்லோவாகும்.'
'ஆகட்டும்.'

மழை பிடித்திருந்தது.
சாளையில் முப்பத்து மூன்று.
அவன் பேருக்கு நேரே பச்சைப் புள்ளி
பதினொன்றரை வரைக்கும் எரிந்தது.
என்ன பார்த்தானோ.
அது அணைந்த பிறகு
நானும் படுத்தேன்.